தந்தை பெயர் என்றொரு பத்தி

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரக்குப்பத்துக் கரையில் நின்றால், துறைமுகத்தினுள் செல்ல முறைக்காகக் காத்து நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களைக் காணலாம். 1860-இல் சென்னைக்கு வந்த கப்பல்களும் கடலிலேயே நின்றன. அன்று இங்கே துறைமுகமே இல்லை. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தாம் அலையைக் கடந்து ஆட்களைக் கப்பலில் சேர்த்தன.

அவ்வாண்டு அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் சென்ற கூலிகள் அவர்கள். பின்னாளில் பாதுஷா பீர் என அறியப்பட்ட ஷேக் அஹ்மத் அவர்களும் இக்கப்பலில் சென்றவரே என்பது டர்பன் முஸ்லிம்களிடையே வழங்கும் செய்தி. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு நேட்டால் சென்றனர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள்.

அவர்களோடு பிள்ளைகளும் சென்றார்கள். ஒப்பந்தம் பெரியவர்களோடு செய்யப்பட்டது. வறுமை துரத்தக் கடல் கடந்த பிள்ளைகளிடம் சம்மதம் கேட்டவர் எவருமில்லை. அவர்கள் கடிதம் எழுதவில்லை, நினைவுக் குறிப்பும் விட்டுச் செல்லவில்லை. எஞ்சியிருப்பது கப்பல் பட்டியலில் ஒரு வரி மட்டுமே. கைக்குழந்தைக்கும் அதில் ஓர் எண் உண்டு. எண்ணுக்குப் பின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள தழும்பு. சாதிப் பத்தியில் 'முசல்மான்' என்றிருந்தால் அது நம் வீட்டுப் பிள்ளை.

கூலிகளை அடையாளம் காணவே அரசு இப்பட்டியலை எழுதியது; நம் வம்சத்தைக் காப்பது அதன் நோக்கமன்று. ஆயினும் ஒருவரை அவருடைய தந்தை பெயராலேயே அழைக்க வேண்டும் என்று மார்க்கம் கற்பித்த நமக்கு, அந்த ஒரு பத்தி பெரும் அமானிதமாகவே தோன்றுகிறது. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுடைய வாரிசுகள் அந்த வரியின் நகலைக் கையில் ஏந்தித் தமிழகத்தில் ஊர் தேடுகிறார்கள். எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப் பெயர் பலவேளை உருத்தெரியாமல் சிதைந்திருக்கும். உள்ளூரார் உரக்க வாசித்துப் பார்த்தால் சில சமயம் பிடிபடும்.

அப்படி ஒருவர் உங்கள் மஹல்லாவுக்கு வந்தால், பள்ளிவாசல் அலமாரியிலுள்ள பழைய நிக்காஹ் தஃப்தரை எடுத்துக் கொடுங்கள். கரையான் அரிக்காமல் இருந்தால், அந்தத் தந்தையின் பெயர் அதில் இருக்கக்கூடும்.