விற்பதா, வைப்பதா? எல்லையூர்ப் பேழைகளில் உறங்கும் பழங்காசுகள்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், பாட்டன்மார் விட்டுச்சென்ற பழங்காசுப் பேழையொன்று இருத்தலை நம் அன்பர்கள் அறிவர். சங்கு பொறித்த செப்புக் காசுகள், மிளகினும் சற்றே பெரிய வெள்ளிச் சக்கரங்கள், பேறு பெற்ற குடும்பமாயின் அனந்தராயன் என்னும் பொற்பணம் ஒன்றிரண்டு ஆகியவை அதனுள் உறங்கிக் கிடக்கும். பல்லாண்டுகள் எவரும் திறவாதிருந்த அப்பேழை, மகளின் திருமணமோ, மருத்துவச் செலவோ, பாகப் பிரிவினையோ நேருங்கால் திறக்கப்படுகின்றது. 'விற்றுவிடலாமா?' என்று ஒருவர் கேட்க, 'முன்னோர் முதலை விற்பதா?' என்று மற்றொருவர் சினக்க, ஒரே வீட்டில் இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. இவ்விரு கட்சியினர்க்கும் நாணய வரலாறு கூறும் விடை யாது என்று ஆராய்வோம்.

காசு பேசும் கதை

முதற்கண், பேழையில் இருப்பது யாதென அறிதல் வேண்டும். திருவிதாங்கூரை விரிவுபடுத்திய மார்த்தாண்டவர்மா (1729–1758), 1750ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கினார். அதன்பின் ஆண்ட மன்னர் யாவரும் 'பத்மநாபதாசர்' என்ற பெயரிலேயே ஆட்சி புரிந்தனர். காசுகளிற் காணும் சங்கு அத்திருமாலின் சின்னமாகும். அரச முகத்தினும் அச்சங்கே குடிகளின் கண்ணுக்கு நன்கு பழகியது எனலாம்.

கணக்கு முறையும் தனித்தன்மை வாய்ந்ததே. 16 காசு கொண்டது ஒரு சக்கரம். 4 சக்கரம் கொண்டது ஒரு பணம். 7 பணம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், அதாவது 28 சக்கரம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும் கொடுத்தல் வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நெல்லைச் சீமைக்கு வணிகத்தின் பொருட்டுச் சென்றுவந்தோர் இந்த அரைச் சக்கர வேறுபாட்டை மனப்பாடமாக வைத்திருந்தனர். வெள்ளிச் சக்கரம் அரைக் கிராம் எடைகூட இல்லாதது. விரலிடுக்கில் வழுகி ஓடுவது. ஆகவே, வரிசை வரிசையாகக் குழிகள் தோண்டிய 'சக்கரப் பலகை' என்னும் மரப்பலகையின்மேல் அவற்றைக் கொட்டிக் குலுக்குவர். குழிக்கொன்றாக விழுந்தவுடன் எஞ்சியவற்றை வழித்தெடுத்தால், எத்தனை குழியோ அத்தனை சக்கரம் என எண்ணிக்கை முடிந்துவிடும். பேழையுடன் அத்தகைய பலகையும் பரணில் இருக்குமாயின், அதனை விறகென எண்ணிவிடாதிருத்தல் நலம்.

காலத்தை அறிவதும் அரிதன்று. 'ஆர்.வி.' என்னும் ஆங்கில எழுத்துகள் காணப்படின் அக்காசு மூலம் திருநாள் இராமவர்மா (1885–1924) காலத்தது, 'பி.ஆர்.வி.' எனில் இறுதி மன்னர் சித்திரைத் திருநாள் பாலராமவர்மா காலத்தது. ஆண்டு பொறித்திருப்பின் அது பெரும்பாலும் கொல்லம் ஆண்டாம். அதனுடன் 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1112 எனக் கண்டு, தொள்ளாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்ததென்று மகிழ்வாரும், அங்ஙனம் மகிழ்வாரை ஏய்ப்பாரும் உளர். அது 1936–37ஆம் ஆண்டே.

1949 சூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சக்கரமும் பணமும் வழக்கொழிந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தமிழர் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையில் எல்லைக்கோடு விழுந்தது. ஆயினும் அக்கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளில் ஒரே சங்குக் காசு இருக்கின்றது. உடன்பிறந்தார் இருவர் இரு மாநிலத்தாராகிய பின்னும், அவர்தம் பாட்டன் ஒரே சந்தையில் ஒரே காசுக்கு உப்பும் மிளகும் வாங்கினான் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேறில்லை. விற்பனை குறித்து எழும் வருத்தத்தின் வேரும் இதுவே.

உருகிய பொன்னும் எண்ணிய பொன்னும்

இனி, பழங்காசுகள் கைமாறிய வரலாறுகள் இரண்டினை ஒப்புநோக்குவோம்.

1847ஆம் ஆண்டு கண்ணூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 10 மைல் தொலைவிலுள்ள கோட்டயம் என்னும் சிற்றூருக்கு அருகே உரோமப் பொற்காசுப் புதையல் ஒன்று வெளிப்பட்டது. (இது தென்பாலுள்ள கோட்டயம் நகரன்று.) கூலியாள் ஐவர் சுமக்கத்தக்க அளவு பொற்காசுகள் கிடைத்தன என்று அக்காலத்தார் எழுதிவைத்தனர். செய்தி வெளிப்படுமுன்னரே பெரும்பகுதி பலர் கைக்குச் சென்று, தட்டாரின் குகையில் உருகி அணிகலனாயிற்று. எஞ்சியவற்றில் நல்ல பகுதியைத் திருவிதாங்கூர் மன்னரும், அந்நாளில் அங்கு ரெசிடெண்டாக இருந்த தளபதி கல்லனும் பெற்றனர். டுரூரி என்னும் படைத்தலைவர் 1850களின் தொடக்கத்தில் மன்னரிடமிருந்த காசுகளை ஆராய்ந்து எழுதியதனாலேயே அவை எவ்வெப் பேரரசர் காலத்தவை என நாம் இன்று அறிகின்றோம். உருகிய காசுகள் எத்தனை, எவர் பொறித்தவை என்பது இனி எவராலும் கூறவியலாது.

அரை நூற்றாண்டு கழிந்து, 1898இல், புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் மற்றொரு உரோமப் பொற்காசுப் புதையல் கிடைத்தது. அவை எண்ணப்பட்டன, 501 எனக் கணக்கிடப்பட்டன, அறிஞர் ஹில் அவற்றை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். அவற்றிற் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே உளியால் வெட்டிய வடு இருந்தது! செலாவணியினின்று விலக்குதற்கு வெட்டினரா, பொன்னின் தரம் காண வெட்டினரா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். ஒரே ஒரு வெட்டுக் காசு கிடைத்திருப்பின் அதனைப் பழுதுபட்ட காசென்று தள்ளியிருப்பர். நூற்றுக்கணக்கானவை ஒருங்கே, எண்ணிக்கையோடு கிடைத்தமையால் அன்றோ அவ்வடுவே வரலாறாயிற்று? அக்காசுகளில் ஒரு பகுதி கடல் கடந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தது. அது நமக்கு வருத்தமே. எனினும் எண்ணி எழுதப்பட்டமையால் அறிவு அழியவில்லை.

காசு கையை விட்டுப் போதல் ஓரிழப்பு. கணக்கின்றிப் போதலோ பேரிழப்பு என்பதே இவ்விரண்டும் காட்டும் உண்மை.

விற்பனை தீதாமோ?

விற்பனையே தீதென்று கொள்ளுதலும் பொருந்தாது. 'தினமலர்' ஆசிரியராக விளங்கி 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், 1980களின் நடுவில், விலை கொடுத்து வாங்கிய பழங்காசுகளுள் ஒன்றில் 'பெருவழுதி' என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்திருக்கக் கண்டார். சங்ககால மன்னர் காசு வெளியிட்டனரா என்ற ஐயத்தை அச்சிறு செப்புக் காசு போக்கிற்று. அது விலைக்கு வந்திராவிடில், எவர் வீட்டிலோ பித்தளைப் பாண்டமாக உருகியிருக்கும். தக்கார் கைக்கு விற்பது காசுக்கு மறுபிறப்பாதலும் உண்டு.

தகாத முறையில் விற்பதன் விளைவை எகிப்து காட்டுகின்றது. 1952இல் முடியிழந்த மன்னர் பாரூக்கின் நாணயத் தொகுப்பு உலகிற் பெரியவற்றுள் ஒன்று. 8,000க்கும் மேற்பட்ட அக்காசுகளைப் புதிய அரசு 1954இல் கெய்ரோவிலுள்ள அரண்மனையிலேயே ஏலத்திற்கு விட்டது. அரிய காசுகள் பலவற்றை எளியவற்றோடு ஒரே குவியலாகக் கட்டி விற்றனர். வாங்கினோர் செல்வராயினர், தொகுப்போ திசைதோறும் சிதறிற்று.

அத்தொகுப்பிலிருந்த அமெரிக்கப் பொற்காசு ஒன்றின் கதை நம் வீடுகளுக்கு ஒரு பாடமாகும். 1933ஆம் ஆண்டுப் பொறியுடைய 20 டாலர் காசுகள் அச்சாகியும் வெளியிடப்படாமல் உருக்கப்பட்டன. தப்பிய சில காசுகளை அந்நாட்டரசு திருட்டுப் பொருளெனக் கருதியது. பாரூக்குக்குரியதெனக் கொள்ளப்பட்ட காசுக்கு மட்டும், 1944இல் அமெரிக்க அரசே வழங்கிய ஏற்றுமதி உரிமம் இருந்தது. அவ்வொரு தாளின் துணையால் அது 2002இல் முறைப்படி ஏலம் போயிற்று. 2021இல் ஏறத்தாழ 1 கோடியே 89 இலட்சம் டாலருக்கு விலையாயிற்று. அதே அச்சிற் பிறந்த பத்துக் காசுகளை வைத்திருந்த பிலடெல்பியாக் குடும்பமொன்று, உரிய தாளின்மையால் பல்லாண்டு வழக்காடியும் அவற்றை அரசுக்கு இழந்தது. பொன் ஒன்றே, தாள் இருந்தது ஓரிடத்தில், இல்லாதது மற்றோரிடத்தில்.

தொலைவான் ஏன் செல்லவேண்டும்? 2011 சூன் இறுதியில், உச்சநீதிமன்ற ஆணைப்படி திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் அறைகள் திறக்கப்பட்டபோது, பொற்காசுகளும் அணிகளும் குவியலாக வெளிப்பட்டன. விற்று மக்கட்கு வழங்குக என்றார் சிலர். தொடாதீர் என்றார் சிலர். காட்சிச்சாலை அமைக்க என்றார் வேறு சிலர். நீதிமன்றம் செய்வித்த முதற்பணி யாது? இருப்பதைப் பட்டியலிடுதல். நாடே வியந்த செல்வத்துக்குப் பொருந்திய அம்முறை, நம் வீட்டுச் சிறு பேழைக்கும் பொருந்தும். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம் பெரியோர் கூறியதும் இதுவேயாம்.

சட்டம் கூறுவது

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1976 ஏப்பிரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. நூறாண்டும் அதற்கு மேலும் பழமையுள்ள காசு தொல்பொருளாகும். தனியார் அதனை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லுதல் குற்றம். வளைகுடா நாடுகளிலும் பிறவிடங்களிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள், பாட்டனின் வெள்ளிச் சக்கரத்தை அன்பின் அடையாளமாகப் பெட்டியில் வைத்துச் செல்ல முற்படின் இதனை நினைவுறுத்துக. தொல்பொருள் வாங்கி விற்கும் வணிகத்துக்கு உரிமம் தேவை. ஆதலின் வாங்குபவரிடம் உரிமம் உண்டா எனக் கேட்டறிதல் விற்பவருக்குக் காப்பாகும். பரம்பரையாக வந்த பேழை வேறு. கிணறு வெட்டும்போது மண்ணுள் கிடைத்த குடம் வேறு. பின்னையது புதையல். கேரளத்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழ்நாட்டில் 1878ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்குமாறு பணிக்கின்றன.

செய்யத்தக்கன

பேழையைத் திறந்தவுடன் புளியிட்டுத் தேய்த்தலை முதலில் விலக்குக. செம்பின்மேல் படிந்த பசுமையும் கருமையும் அழுக்கல்ல. காலம் இட்ட முத்திரை. தேய்த்த காசு பளபளக்கும், எழுத்து மழுங்கும், விலையும் குன்றும். காசுமாலைக்கென வளையம் பற்றவைத்தலும் அத்தகையதே.

அடுத்து, ஒவ்வொரு காசுக்கும் இருபுறப் படம், எடை, எழுத்து, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற செய்தி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. வீட்டிலுள்ள முதியோர் நினைவு தெளிவாக இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். காசு ஆயிரமாண்டு காத்திருக்கும், பாட்டியின் நினைவு காத்திராது.

பின்னர், எளியதையும் அரியதையும் பிரிக்க. பழமை வேறு, அருமை வேறு. ஆயிரமாண்டுப் பழமையுள்ள இராசராசன் செப்புக் காசு தென்னாடெங்கும் மிகுதியாகக் கிடைத்தலால் அதன் விலை சிறிதே. சங்குக் காசிலும் பெருவாரியாக அச்சானவை விலை குறைந்தனவே. 'பழங்காசுக்குப் பல இலட்சம்' என ஆசை காட்டி முன்பணம் கேட்பாரை நம்பற்க. ஒரே வகையிற் பலவிருப்பின் மிகையானவற்றை விற்று, வகைக்கொன்று நிறுத்திக்கொள்ளுதல் நடுவழியாகும். நெய்யாற்றின்கரைக்கு வடக்கே, நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனையில் கேரளத் தொல்லியல் துறையின் நாணயக் காட்சிச்சாலை உள்ளது. ஒற்றைப்புத்தன், இரட்டைப்புத்தன், கலியுகராயன் பணம் முதலியவற்றை ஆங்கு நேரிற் கண்டு நம்மிடமுள்ளவற்றோடு ஒப்பிடலாம். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுதல் தகும்.

விற்றே தீரவேண்டின், குறிப்பேட்டின் படியோடு, கூடியவரை தொகுப்பைச் சிதைக்காது, உரிய இரசீது பெற்று விற்க. நிறுத்து விற்று உருக்கக் கொடுத்தல் மட்டும் கூடாது. பாகம் பிரிக்க நேரின் காசுகளை மக்கள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூறுபோடாது, ஒருவர் தொகுப்பைப் பெற்று மற்றவர்க்கு ஈடு செய்தல் நன்று.

நோயாளியின் மருந்துக்காகவோ மகளின் கல்விக்காகவோ ஒருவர் பேழையை விற்பாராயின், அவரை முன்னோர் பழிப்பர் என்று கூறுதல் அறமாகாது. உழைத்து ஈட்டிய முன்னோர் தம் மரபினர் அல்லலுறாதிருத்தற் பொருட்டே சேமித்தனர். அவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது ஒன்றே: எதனை விற்றோம் என்பதை அறிந்து விற்றல். காசு போனபின்னும் குறிப்பேடு வீட்டில் இருக்குமாயின், களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் வளரும் பேரப்பிள்ளைகள் தம் குடும்பம் எந்நாட்டுச் சந்தையில் எக்காசால் வாழ்ந்தது என்பதை அறிவர். ஆண்டு விழா முடிந்து இல்லம் திரும்பும் அன்பர்கள், விற்பதா வைப்பதா என்னும் வாதத்தைச் சற்றே ஒத்திவைத்து, இவ்வாரமே அக்குறிப்பேட்டைத் தொடங்குவார்களாக.