படியோலையும் மூலவோலையும்: வழக்கறிஞர் தொழிலில் பொறிகளின் வரலாறு

திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்த ஒரு வழக்கைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் விரிவாகப் பாடியிருக்கிறார். மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரைத் தம் அடிமை என்று உரிமை கொண்டாடி முதியவர் ஒருவர் வருகிறார். அவர் கையிலிருந்த ஓலையை நம்பியாரூரர் பறித்துக் கிழித்துவிடுகிறார். அத்துடன் வழக்கு முடியவில்லை. கிழிக்கப்பட்டது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் உள்ளதென்றும் முதியவர் கூறுகிறார். அவையோர் அம்மூலவோலையைப் படிக்கச் செய்கின்றனர். அதன் எழுத்தை நம்பியாரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிடுகின்றனர். இரண்டும் ஒத்திருக்கக் கண்ட பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர்.

பக்திச் சுவைக்காகப் போற்றப்படும் இப்பகுதியில் சட்டத் தொழிலின் உயிர்நிலை ஒன்று பொதிந்து கிடக்கிறது. படியை மட்டும் நம்பித் தீர்ப்பளிக்கலாகாது. மூலத்தைக் கண்ணாற் காண வேண்டும் என்பதே அது. ஓலை போய்க் காகிதம் வந்தது. காகிதத்தை அடுத்துக் கணிப்பொறி வந்தது. இன்று செயற்கை நுண்ணறிவு வந்துள்ளது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் படிகள் பெருகின, தேடல் எளிதாயிற்று. மூலத்தைக் காணும் கடமை மட்டும் மாறவில்லை.

தேடலின் பாரம்

மலேசியாவும் சிங்கப்பூரும் பின்பற்றும் சட்டமுறை இங்கிலாந்தின் வழிவந்தது. ஒரு வழக்கில் உயர்ந்த நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, பின்வரும் ஒத்த வழக்குகளுக்கு வழிகாட்டியாகும் என்பது அம்முறையின் அடிப்படை. ஆகவே, பழைய தீர்ப்புகளைத் தேடிக் கண்டெடுப்பது வழக்கறிஞரின் தலையாய பணியாயிற்று.

13ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்து நீதிமன்றங்களில் நடந்த வாதங்கள் ஆண்டேடுகள் எனப்படும் குறிப்புகளாக எழுதப்பட்டன. பின்னர்த் தனியார் பலர் தத்தம் விருப்பப்படி தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிட்டனர். சில தொகுப்புகள் நம்பத்தக்கவை. சில பிழை மலிந்தவை. இக்குழப்பத்தை நீக்கவே, 1865ஆம் ஆண்டு இலண்டனில் தீர்ப்புகளை முறையாக வெளியிடுவதற்கென ஒரு மன்றம் நிறுவப்பட்டது.

தீர்ப்புகள் பெருகவே வேறொரு தொல்லை எழுந்தது. ஒரு தீர்ப்பைக் கண்டெடுத்தால் மட்டும் போதாது. பிற்காலத்து நீதிபதிகள் அதனை ஏற்றனரா, தள்ளினரா என்பதும் தெரிய வேண்டும். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873இல் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு தீர்ப்பைப் பின்னர் எந்தெந்த வழக்குகளில் எடுத்தாண்டனர் என்பதைப் பசை தடவிய சிறு தாள்களில் அச்சிட்டு விற்றார். வழக்கறிஞர்கள் அவற்றைத் தம் நூல்களின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டனர். எளிய கருவிதான், எனினும், செல்லாத தீர்ப்பை நீதிபதியின் முன் நீட்டித் தலைகுனியும் இழிவிலிருந்து பலரைக் காத்தது.

மலாயாவில் இப்பணிக்கு வித்திட்டவர் பஷீர் அகமது மல்லால். அவர் பட்டம் பெற்ற வழக்கறிஞர் அல்லர். சிங்கப்பூரில் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். இந்நாட்டு நீதிமன்றங்களின் தீர்ப்புகள் சிதறிக் கிடப்பதைக் கண்டு, 1932ஆம் ஆண்டு 'மலாயன் லா ஜர்னல்' என்னும் இதழைத் தொடங்கினார். நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அவ்விதழை நம்பி வாதிட்டனர், தீர்ப்பளித்தனர். பின்னாளில் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு சட்ட முனைவர் பட்டம் அளித்துப் பெருமை கொண்டது. மூலத்தைத் தேடிப் பிழையின்றிப் படியெடுக்கும் தொண்டு எத்துணை மதிப்புடையது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

கணிப்பொறியின் வருகை

கணிப்பொறி சட்டத்துறைக்குள் நுழைந்த கதை ஒரு சொல்லின் மாற்றத்தில் தொடங்குகிறது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சட்டங்களில் 'அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தை' எனப் பொருள்படும் தொடர் வரும் இடங்களிலெல்லாம், மனத்தைப் புண்படுத்தாத வேறு தொடரை இட வேண்டியிருந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஹார்ட்டி மாணவர்களைக் கொண்டு சட்டநூல்களைப் படித்துத் தேடச் செய்தார். கண்கள் சோர்ந்தன; பல இடங்கள் விடுபட்டன. ஆகவே, சட்டங்களின் முழு வாசகத்தையும் துளையிட்ட அட்டைகளில் பதித்துக் கணிப்பொறியில் ஏற்றினார். பொறி சோர்வின்றித் தேடித் தந்தது. 1960இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் கூட்டத்தில் அவர் அதனைச் செய்து காட்டினார்.

மாணவரின் கண்ணிலிருந்து தப்பிய சொல் பொறியின் கண்ணிலிருந்து தப்பவில்லை. ஆயின், அச்சொல் ஒரு குழந்தையை ஏன் புண்படுத்துகிறது என்பதைப் பொறி அறியாது. அதை அறிந்தவர் மனிதர், தேடியது பொறி. இப்பணிப் பிரிவினை பின்னர் நெடுங்காலம் நீடித்தது.

1973இல் 'லெக்சிஸ்' என்னும் தீர்ப்புத் தேடல் சேவை தொடங்கியது. 1975இல் 'வெஸ்ட்லா' அதனைத் தொடர்ந்தது. நூலகத்தில் பல நாள் செய்த தேடலைச் சில நிமிடங்களில் முடிக்க முடிந்தது. சிங்கப்பூரில் 1990இல் 'லாநெட்' தோன்றியது. 2000ஆம் ஆண்டு சிவில் வழக்குகளுக்கான ஆவணங்களை மின்வழியில் பதிவு செய்வது அங்குக் கட்டாயமாயிற்று. தொடக்கத்தில் கணிப்பொறியில் தட்டச்சு செய்ததைத் தாளில் அச்சிட்டு, அத்தாளை மீண்டும் படமாக்கி அனுப்பும் இரட்டை வேலையும் இருந்தது. 2013இல் வந்த புதிய முறை அதனைச் சீர்செய்தது. கோப்புக் கட்டுகளைச் சுமந்து நீதிமன்றப் படியேறிய எழுத்தர்களின் காலம் மெல்ல மறைந்தது.

இல்லாத தீர்ப்புகள்

இதுவரை வந்த பொறிகள் இருப்பதைத் தேடித் தந்தன. 2022ஆம் ஆண்டின் இறுதியில் மக்களிடையே பரவிய 'சாட்ஜிபிடி' போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ வாசகத்தை ஆக்கித் தருகின்றன. ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரத் தகும் என்பதைக் கணக்கிட்டு, சரளமான நடையில் எழுதிச் செல்கின்றன. அவை எழுதும் வாசகத்தில் உண்மையும் இருக்கலாம். உண்மை போன்ற பொய்யும் இருக்கலாம். இரண்டும் ஒரே அழகுடன் இருப்பதே இடர்.

அவ்விடர் 2023இல் நியூயார்க் நகரில் வெளிப்பட்டது. விமானத்தில் உணவு வண்டி மோதிக் காயமுற்றதாகப் பயணி ஒருவர் விமான நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்திருந்தார். அவருடைய வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த வாதவுரையில் ஆறு தீர்ப்புகள் எடுத்துக்காட்டப்பட்டிருந்தன. எதிர்த்தரப்பினர் தேடினர், அவை கிடைக்கவில்லை. நீதிபதி தேடினார்; கிடைக்கவில்லை. அவ்வாறும் கிடைக்கவே முடியாதவை, கருவி புனைந்தவை. பல்லாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர், அத்தீர்ப்புகள் உண்மையானவையா என்று அக்கருவியையே கேட்டிருக்கிறார். ஆம் என்று அது விடையளித்திருக்கிறது. படியோலை மெய்யா என்று படியோலையையே கேட்டதற்கு ஒப்பாகும் இது. நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் தண்டம் விதித்தார். எந்த நீதிபதிகளின் பெயரால் பொய்த்தீர்ப்புகள் புனையப்பட்டனவோ, அவர்களுக்கெல்லாம் செய்தியைத் தெரிவித்து மடல் அனுப்பவும் பணித்தார்.

கருவியைப் பயன்படுத்தியதை நீதிபதி குற்றமாகக் கருதவில்லை. சரிபார்க்காமல் கையொப்பமிட்டதும், ஐயம் எழுப்பப்பட்ட பின்னரும் அப்பொய்யைத் தாங்கி நின்றதுமே குற்றம் என்றார். சிங்கப்பூர் நீதிமன்றங்கள் வெளியிட்டு, 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டியும் இதே நெறியைக் கூறுகிறது: கருவிக்குத் தடையில்லை; ஆனால், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் ஒவ்வொரு வாசகத்திற்கும் தாக்கல் செய்பவரே பொறுப்பு. அவ்வழிகாட்டி வந்த பின்னரும், 2025இல் அந்நாட்டு வழக்கறிஞர் ஒருவர் இல்லாத தீர்ப்பொன்றை எடுத்துக்காட்டி, செலவுத்தொகையைத் தம் பொறுப்பில் செலுத்துமாறு ஆணை பெற்றார்.

தண்டனையும் கணக்கும்

வழக்கறிஞரின் மேசையோடு பொறி நின்றுவிடவில்லை. நீதிபதியின் இருக்கையருகேயும் சென்றுள்ளது. 2020 பிப்ரவரியில் சபா மாநிலத்தின் கோத்தா கினாபாலுவில் ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றம், போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்திற்குத் தண்டனை வழங்குகையில் செயற்கை நுண்ணறிவின் பரிந்துரையைக் கருத்திற்கொண்டது. மலேசியாவில் இதுவே முதன்முறை. ஒத்த குற்றத்திற்கு ஒத்த தண்டனை கிட்ட வேண்டும் என்பதே அம்முயற்சியின் நோக்கம். ஒரே குற்றத்திற்கு ஓர் ஊரில் சில திங்களும் வேறோர் ஊரில் பல ஆண்டும் தண்டனை கிட்டுமாயின், நீதியின் மீது மக்கள் வைத்த நம்பிக்கை தளருமன்றோ? அந்நோக்கம் உயர்ந்ததே. பரிந்துரையை ஏற்பதும் மறுப்பதும் நீதிபதியின் உரிமையாகவே விடப்பட்டது.

எனினும், வழக்கறிஞர்கள் ஒரு வினா எழுப்பினர். நீதிபதி தவறினால் அவர் எழுதிய காரணங்களைக் காட்டி மேல்முறையீடு செய்யலாம். பொறி தவறினால் எதனைக் காட்டுவது? இதே வினா 2016இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. குற்றவாளி மீண்டும் குற்றம் புரிவாரா என மதிப்பிடும் மென்பொருளின் கணக்கு முறை, அதை ஆக்கிய நிறுவனத்தின் வணிக மறைபொருளாக இருந்தது. தம்மைப் பற்றிய மதிப்பீடு எவ்வாறு வந்ததென்று சிறை செல்பவரே அறிய முடியவில்லை. நீதிமன்றம் அக்கருவியை அறவே விலக்கவில்லை. ஆனால், அதன் மதிப்பீட்டையே தண்டனைக்குரிய தீர்மானக் காரணமாகக் கொள்ளலாகாது என்றும், அதன் குறைபாடுகளை நீதிபதிக்கு எழுத்தில் உணர்த்த வேண்டும் என்றும் வரையறுத்தது.

திருவெண்ணெய்நல்லூரில் மூலவோலை அவை நடுவே விரிக்கப்பட்டது. வழக்கில் தோற்றவரும் அதனைக் கண்டார். தமக்கெதிரான சான்றைக் கண்டு அதனோடு வாதிட இயலும் உரிமை தோற்பவருக்கும் உண்டு என்பதே நீதியின் அடையாளம்.

கற்போர் கடமை

இம்மாற்றத்தில் மிகுந்த கவலைக்குரியவர் இளம் வழக்கறிஞர். முற்காலத்தில் அவர் நூலகத்தில் பத்துத் தீர்ப்புகளைத் தேடினால், வழியில் நூறு தீர்ப்புகளைப் புரட்டினார். தேடியது கிடைக்காத நாளிலும் வேறொன்றைக் கற்றுக்கொண்டார். எது பொருந்தும், எது பொருந்தாது என்னும் நுண்ணுணர்வு அவ்வாறே வளர்ந்தது. இன்று சுருக்கத்தையும் வாதவுரையின் முதற்படியையும் பொறியே தருகிறது. நேரம் மிஞ்சுகிறது, செலவு குறைகிறது. வழக்கறிஞரை அமர்த்த வசதியற்ற ஏழையும் தம் வழக்கின் போக்கை ஓரளவு அறிய வழி பிறக்கிறது. இந்நன்மைகளை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும், பிழையைக் காணும் கண் பயிற்சியால் வருவது. அப்பயிற்சியைப் பெறாதவர் பொறியின் பிழையை எவ்வாறு காண்பார்?

இவ்வினா வழக்கறிஞருக்கு மட்டும் உரியதன்று. மாணவர் எழுதும் கட்டுரைக்கும், ஆசிரியர் காட்டும் மேற்கோளுக்கும் பொருந்துவது. புலவர் ஒருவரின் பெயரால் ஒரு பாடலடியைப் பொறி தந்தால், அந்நூலைத் திறந்து அவ்வடி அங்கே உள்ளதா எனப் பார்க்கும் பழக்கம் வகுப்பறையிலேயே வேரூன்ற வேண்டும். பட்டமில்லாத எழுத்தராயிருந்த மல்லால் ஒரு நாட்டின் தீர்ப்புகளுக்கே காவலரானது அத்தகைய பழக்கத்தால்தான்.

படியோலைகள் இனி ஆயிரமாய்ப் பெருகும். அவற்றை எழுதும் கை மனிதருடையதாயினும் பொறியினுடையதாயினும், கையொப்பம் மனிதருடையது. கையொப்பமிடுவோர் மூலவோலையைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் வரையில், அவையின் நம்பிக்கை நிலைத்து நிற்கும்.