துரைமார் டென்னிஸும் தோட்டத்துக் கரப்பந்தும்

கடந்த ஆண்டு ரொறன்ரோவில் என் தம்பி மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு மாலை, "பெரியப்பா, வீட்டுக்குள்ளேயே இருக்காதீங்க, வாங்க" என்று அருகிலுள்ள சமூக மண்டபத்துக்கு அழைத்துச் சென்றான். அவனுடைய தாயும் எங்களுடன் வந்தார். அங்கே பலரும் பிக்கிள்பால் ஆடிக்கொண்டிருந்தனர். சுவரோரம் ஒரு தட்டு. ஆட விரும்புவோர் தமது மட்டையை அதில் வரிசையாக வைக்கவேண்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும் வரிசையில் முன்நிற்கும் நான்கு மட்டைகளுக்குரியவர்கள் களமிறங்குவர்.

எழுபது வயதைக் கடந்த நான் அதுவரை எந்த மட்டையையும் பிடித்தறியாதவன். ஆனால், "நன்றாக ஆடுவீர்களா?" என்று எவரும் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற தாதி ஒருவரின் மட்டைக்கும் கல்லூரி மாணவன் ஒருவனின் மட்டைக்கும் நடுவே என் மட்டையும் இடம்பெற்றது.

இந்த ஆட்டம் 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பெய்ன்பிரிட்ஜ் தீவில் பிறந்தது. ஜோயல் பிரிட்சார்ட், பில் பெல் என்ற இரு நண்பர்கள், பொழுதுபோகாதிருந்த குடும்பத்தாருக்காகப் பழைய பட்மின்டன் களமொன்றில், மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு இதனை ஆரம்பித்தனர். பின்னர் பார்னி மெக்கலம் என்பவரும் சேர்ந்து விதிகளை வகுக்க உதவினார். பெயரைச் சூட்டியவர் பிரிட்சார்டின் மனைவி ஜோன். படகோட்டப் போட்டிகளில், ஏனைய படகுகளுக்குத் தெரிவாகாமல் எஞ்சியவர்களைக் கொண்டு செலுத்தப்படும் படகுக்கு வழங்கிய பெயரிலிருந்து அவர் அதனை எடுத்தார் என்று குடும்பத்தார் கூறியிருக்கின்றனர்.

எஞ்சியவர்களின் ஆட்டம் என்றதும் என் நினைவு பதுளைக்குச் சென்றுவிட்டது.

ஊவா மலைகளில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிராகின. இலங்கையின் கோப்பிச் செய்கையை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலாக அடையாளங்காணப்பட்டதும் எங்கள் மடுல்சீமையில்தான். தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது, ஒருவருக்கொருவர் பல மைல் தொலைவில் தனித்து வாழ்ந்த வெள்ளைக்காரத் துரைமாருக்குக் கிளப் இன்றியமையாததாயிற்று. நுவரெலியாவில் ஹில் கிளப் 1876இல் அமைந்தது. பண்டாரவளையில் இன்று ஹோட்டலாக விளங்கும் 1893ஆம் ஆண்டுக் கட்டடமும் ஒரு காலத்தில் துரைமாரின் கிளப்பாக இருந்ததே. பதுளை நகரில் குதிரைப் பந்தயத் திடலும் கிரிக்கெட் கிளப்பும் இருந்தன. இத்தகைய இடங்களுக்குள் நம்மவர் நுழைந்தது, பெரும்பாலும் தட்டேந்தும் பணியாளராகவே.

மலைநாட்டில் சமதரை அரிது. கிடைத்த சமதரையில் தொழிற்சாலையும் பங்களாவும் டென்னிஸ் களமும் அமைந்தன. லயங்கள் சரிவுகளில் நின்றன. கிளாக்கர் ஐயாமாருக்கு வேறொரு கிளப். அங்கே கரம் பலகையும் பட்மின்டன் வலையும் இருக்கும். லயத்துப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் களத்தில் ஒரே வேலை, பந்து பொறுக்குவது. பத்து வயதில் நானும் அதைச் செய்தவன். ஒருநாள் புற்றரையில் கிடந்த மட்டையைக் கையிலெடுத்துப் பார்த்தமைக்காக, மறுநாள் முதல் அந்தப் பக்கமே வரக்கூடாதென்று சொல்லிவிட்டார்கள்.

லயத்து மனிதரின் பெயர் எழுதப்பட்ட இடம் செக்ரோல் ஒன்றுதான். விடியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் ஆட்கள் வேலைக்குப் பிரிக்கப்படுவர். ஒரு நாட்கூலிக்கே 'பேர்' என்றுதான் பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'.

காலையில் ஆட்களைப் பிரித்த அதே பிரட்டுக்களத்தில்தான் எங்கள் தோட்டத்தில் மாலைவேளைகளில் கரப்பந்து வலை கட்டினோம். கரப்பந்தாட்டமும் வல்லவர்களுக்காகப் பிறந்ததன்று. கூடைப்பந்தாட்டம் கடினமாயிருந்த நடுவயதினருக்காக 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் உருவாக்கியது. 1916இல் கொழும்பு வை.எம்.சீ.ஏ. வழியாக இலங்கைக்கு வந்து, 1991இல் தேசிய விளையாட்டாகப் பிரகடனமாயிற்று. அதற்குப் புற்றரையோ வெள்ளை உடுப்போ தேவையில்லை. இரண்டு சவுக்குக் கம்புகள், ஒரு வலை, ஊரார் காசு சேர்த்து வாங்கிய ஒரு பந்து. வந்தவர் எல்லோரும் ஆடலாம்.

ஆனால் நாடே கதவடைத்துக்கொண்டபோது களம் மட்டும் திறந்திருந்து பயனென்ன? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர்களின் பிள்ளைகள் அந்தக் கடதாசிக்கு எங்கே போவார்கள்? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எங்கள் குழுவில் ஒன்பது பேர் ஆடினோம். 1970களில் அவர்களுள் ஐவர் பதுளையில் கோச்சியேறித் தலைமன்னார் வழியே போய்விட்டனர். அந்தக் கோச்சியை எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அதன்பிறகு நீண்ட காலம் அந்தக் களத்தில் வலை கட்டப்படவில்லை. எஞ்சியோருக்கான பிரஜாவுரிமைச் சட்டம் 2003இல்தான் வந்தது.

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமாரின் நிறம் மாறிற்று. ஆனால் அந்தச் சமதரை, அதில் ஆடியவர்களுடையதாக ஒருநாளும் மாறவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 'எல்லோரும் ஆடலாம்' என்று மேலே எழுதினேன். அந்த 'எல்லோரிலும்' பெண்கள் இருக்கவில்லை. பகல் முழுதும் மலையில் கொழுந்து பறித்தவர்கள், நாங்கள் பந்தடித்த நேரத்தில் தண்ணீர் சுமந்துகொண்டும் அடுப்பு மூட்டிக்கொண்டும் இருந்தார்கள். அதனை அநீதியென்று எங்களில் எவரும் நினைத்ததில்லை. வெள்ளைக்காரத் துரையின் கோட்டைக் கண்ட எனக்கு, நாங்களே இழுத்த கோடு கண்ணிற் படவில்லை.

என் தம்பி மனைவி ஹாலிஎலப் பகுதித் தோட்டமொன்றில் பதினைந்து வருடம் கொழுந்து பறித்தவர். ரொறன்ரோ மண்டபத்தில் முதலிரு வாரமும் நாற்காலியில் அமர்ந்து வேடிக்கைதான் பார்த்தார். மூன்றாம் வாரம் மகனைக் கூப்பிட்டு, "எனக்கும் ஒரு பேரு போடு" என்றார். ஆட்டத்தில் தோற்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அதைப்பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

பிக்கிள்பால் களத்தின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்ட கரப்பந்தாட்டக் களத்துக்குள் அது தாராளமாக அடங்கும். பந்து எழும்புவதற்குச் சீமெந்துத் தரை வேண்டும். ஊரார் முயன்றால் அதையும் போட்டுவிடலாம். ஆனால் கொழுந்து மடுவத்திலிருந்து திரும்பும் பெண்ணுக்கு மாலையில் ஒரு மணிநேரம் வேண்டும். அதனைக் கம்பனி தராது. அவள் வீட்டார் தரவேண்டும்.