புதுச்சேரிப் பழைய நகரில் மாடி எழுப்பிய வரலாறு

புதுச்சேரியில் புல்வார் எனப்படும் சுற்றுச்சாலைக்கு உட்பட்ட பழைய நகரில், முன்பே நிற்கும் வீடுகளின் மேலும் அவற்றை ஒட்டியும் புதுத் தளங்களும் அறைகளும் எழுப்பப்பட்டுவந்த வரலாறு இது. பெரிய வாய்க்கால் இந்நகரை இரண்டாக வகுக்கிறது. கிழக்கே கடலோரமாகப் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் முன்னது வெள்ளை நகரம் என்றும் பின்னது கறுப்பு நகரம் என்றும் பெயர் பெற்றன. பழைய வீட்டோடு புதியதைச் சேர்க்கும் வேலை இரு பகுதிகளிலும் இரு வேறு வழிகளில் நடந்தது.

பிரான்சுவா மர்த்தேன் 1674இல் இங்கே பிரெஞ்சு வணிகக் குடியிருப்பை நிறுவினார். 1693 முதல் 1699 வரை ஊர் ஒல்லாந்தர் கையில் இருந்தது. தெருக்கள் ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்லும் கட்ட அமைப்பு அவர்கள் தீட்டிய வரைபடத்தில்தான் முதலில் தெளிவாகக் காணப்படுகிறது. திரும்பி வந்த பிரெஞ்சுக்காரரும் அதையே தொடர்ந்தனர். 1761இல் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளை நகரத்தையும் தரைமட்டமாக்கினர். 1765இல் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்ததும், ழான் லா தெ லொரிஸ்தோன் ஆட்சியில் இடிபாடுகளின் மேல், பழைய தெருக்களின் வழியே புது நகரம் எழுந்தது. சம்பா கோயில் எனப்படும் மாதா கோயிலும் அப்படித்தான்: முந்தைய கோயில் அழிந்த பிறகு கட்டப்பட்டு 1791இல் முடிந்ததே இன்றைய கட்டடம். பழையதன் மேல் புதியதைக் கட்டுவது இந்த ஊருக்குப் பிறவியிலேயே வந்த பழக்கம்.

தமிழர் பகுதி வீட்டின் அமைப்பை அறிந்தால்தான் அதன் மேல் மாடி ஏறிய கதை விளங்கும். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் சாய்ந்த ஓட்டுக் கூரை, அதுதான் தாழ்வாரம். வழிப்போக்கருக்கு வெயிலிலும் மழையிலும் ஒதுங்க இடம். அதை அடுத்து வீட்டாரும் வந்தவரும் உட்காரும் திண்ணை. செதுக்கு வேலை செய்த தலைவாசலைத் தாண்டினால் நடை; நடையைத் தாண்டினால் நான்கு பக்கமும் கூடம் சூழ்ந்த முற்றம். அடுத்தடுத்த வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதால் பக்கவாட்டில் சன்னலுக்கு வழியில்லை. வீட்டுக்குள் வரும் வெளிச்சமும் காற்றும் முற்றத்தை நம்பியே இருக்கின்றன. வெள்ளை நகரத்து வீடு இதற்கு நேர்மாறு: தெருப்பக்கம் உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும், உள்ளே தோட்டமும் வளைவுத் தாழ்வாரமும்.

வசதி வந்த தமிழ்க் குடும்பங்கள் மாடி எழுப்பியபோது இந்த இரண்டும் ஒரே சுவரில் சந்தித்தன. கீழே தாழ்வாரம், திண்ணை, மரத்தூண். மேலே வளைவான சன்னல்கள், சுதையால் பூசிய உருண்டைத் தூண்கள், கைப்பிடிச் சுவர், சாய்பலகைக் கதவுகள். பிரெஞ்சு-தமிழ்ப் பாணி என்று இன்று கட்டடக் கலைஞர்கள் குறிப்பது இதைத்தான். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, நாட்குறிப்பால் பெயர் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709–1761) மாளிகை இதற்கு முதன்மையான சான்று. அதன் கீழ்த்தளத்தில் தமிழ் வீட்டுக்குரிய மரத்தூண்கள். மேல்தளத்தில் ஐரோப்பியப் பாணியில் அமைந்த காரைத் தூண்கள். யாரும் இதை முரண் என்று சொல்வதில்லை. இரண்டு உலகங்களுக்கிடையே பேசி வாழ்ந்த மனிதருக்கு ஏற்ற வீடு.

இந்த மாடிகள் கீழுள்ள சுவரை நோகவிடாமல் நின்றதற்குக் காரணம் பொருளில் இருக்கிறது. கீழ்ச்சுவரும் செங்கல்லும் சுண்ணாம்பும், மேல்சுவரும் அவையே. தளம் மெட்ராஸ் டெரஸ் முறையில் அமைந்தது. உத்தரங்களின் மேல் மரக்கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, சிறு செங்கற்களைச் செங்குத்தாகக் கோணவரிசையில் அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டிக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலவைக்குப் பிடிப்பைத் தரும். எடை ஒரு தூணில் குவியாமல் சுவர் நெடுகப் பரவிச் செல்லும். கடற்கரை ஊரில் சுவர் உப்பு ஈரத்தை உறிஞ்சவே செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மரம் பழுதானால் ஒரு கட்டையை மட்டும் உருவி மாற்றலாம். பழுது பார்க்கவும் மேலே கட்டவும் ஒரே கொத்தனார், ஒரே கலவை போதும்.

வாய்க்காலுக்குக் கிழக்கே மாற்றம் வேறு விதமாக வந்தது. ஸ்ரீ அரவிந்தர் 1910இல் புதுச்சேரிக்கு வந்தார். 1926இல் ஆசிரமம் அமைந்தது. அடுத்தடுத்திருந்த பழைய வீடுகளை ஒன்றிணைத்தே ஆசிரமத்தின் முதன்மைக் கட்டடம் உருவானது. வெளித்தோற்றம் பெரிதும் மாறாமலே உள்ளமைப்பு ஒன்றானது.

அதே பகுதியில் ஆசிரமத்துக்காக 1930களின் பிற்பாதியில் தொடங்கிய கோல்கொண்ட் விடுதி முற்றிலும் புதுமையானது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாக நிஜாம் அளித்த நன்கொடையில் எழுந்ததால், அந்நாட்டு வைரச் சுரங்கத்தின் பெயர் இதற்கு வாய்த்தது. வடிவமைத்தவர் டோக்கியோவில் பணியாற்றிய அந்தோனின் ரேமண்ட்; உடன் நின்று கட்டியவர்கள் செக் நாட்டவரான பிரான்டிஷெக் சாம்மரும், பிற்காலத்தில் மரச்சாமான் கலையில் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமாவும். இந்தியாவில் வலுவூட்டிய கான்கிரீட்டில் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களுள் இதுவும் ஒன்று. இதில் அலங்காரம் என்று ஒன்றுமில்லை. தெற்கும் வடக்கும் நோக்கிய நீண்ட முகப்பு முழுவதும் திருப்பி வைக்கத்தக்க சாய்பலகைகள். கடற்காற்று ஊடுருவும், வெயில் நுழையாது. கோல்கொண்ட் பழைய பிரெஞ்சு வீட்டைப் பார்த்து ஒரு வளைவையும் நகலெடுக்கவில்லை. ஆனால் மதில், தோட்டம், நிழல், காற்றோட்டம் என்று அந்த வீடு கற்றுத்தந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. வரலாற்று நகரில் புதியதை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்குப் புதுச்சேரி தந்த மிகச் சிறந்த விடை இதுவே.

1954இல் நடைமுறையிலும் 1962இல் சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது. அதன் பின்னர் சிமென்ட் எளிதில் கிடைத்தது, நிலமதிப்பு ஏறியது, ஒரு வீடு பல வாரிசுகளுக்குப் பாகமானது. இந்த மூன்றும் சேர்ந்து தமிழர் பகுதியின் தெருக்களை உருமாற்றின. ஓட்டுக்கூரையை அகற்றிக் கான்கிரீட் தளம் போட்டார்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் பில்லர் இறக்கத் துளைத்தார்கள். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர் அதில் விரிசல் கண்டது. சுவருக்குச் சிமென்ட் பூசியதும் உள்ளே சிக்கிய உப்பு ஈரம் செங்கல்லைப் பொடியாக்கிற்று. எல்லாவற்றிலும் பெரிய இழப்பு முற்றம். ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும் என்று அதன் மேல் தளம் போட்ட வீடுகள் பகலிலும் விளக்கெரிய வேண்டிய இருட்டறைகளாயின. தாழ்வாரம் கடை முகப்பாயிற்று, அல்லது அறுத்தெறியப்பட்டது.

இதை மறித்து நின்ற முயற்சிகளில் முதன்மையானது, 1984இல் தொடங்கப்பட்ட இன்டாக் எனும் மரபுப் பாதுகாப்பு அமைப்பின் புதுச்சேரிக் கிளையினுடையது. பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டதோடு, வீட்டுக்காரர்களோடு பேசி முகப்புகளைப் புதுப்பிக்கவும் அது முனைந்தது. வைசியாள் தெரு என்று வழங்கும் கால்வே சுப்பராயச் செட்டித் தெருவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட உதவியுடன் வரிசையாக வீட்டு முகப்புகளும் தாழ்வாரங்களும் பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டன. 2008இல் இத்தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது வரிசையில் தகுதிப் பரிசு கிடைத்தது. தனிக் கட்டடத்துக்கு அப்பால் ஒரு தெருவையே மரபாகப் பார்த்ததுதான் அவ்வேலையின் பெருமை.

பழையதோடு சேரும் புதியது, தான் புதியது என்று தெரியும்படி இருக்க வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் கொள்கை. புதுச்சேரியில் பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில்தான் வேலை நடக்கிறது. புது விடுதிகள் மஞ்சள் வண்ணமும் வெள்ளை விளிம்பும் பூசி, பிரெஞ்சு வளைவுகளை ஒட்டவைத்துக்கொள்கின்றன. முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே முழுவதையும் இடித்துக் கட்டும் வழக்கமும் பரவியிருக்கிறது. பழைய வீட்டின் தோலை மட்டும் வைத்துக்கொள்வதைப் பாதுகாப்பு என்று சொல்ல இயலாது.

கடற்கரைச் சாலையில் இருந்த மேரி எனும் நகராட்சி மன்றக் கட்டடம் இவ்விவாதத்தை உச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1870களின் தொடக்கத்தைச் சேர்ந்த அக்கட்டடம், பழுதுபார்ப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்த நிலையில், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியுடன் அதே இடத்தில் அதே தோற்றத்தில் மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. கடற்கரையின் காட்சி திரும்பி வந்தது மகிழ்ச்சிதான். ஆனால் நிற்பது 21ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று வாசலிலேயே எழுதிவைப்பது நேர்மையாக இருக்கும்.

வாய்க்காலுக்கு மேற்கே எஞ்சிய தமிழ் வீடுகளில் பெரும்பாலானவை தனியார் உடைமை. அவற்றின் கதி உரிமையாளர் கையில் இருக்கிறது. மாடி எழுப்ப நினைப்பவர்கள் முதலில் சுவரின் தாங்குதிறனைப் பொறியாளரைக் கொண்டு சோதித்துக்கொள்ளட்டும். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். சிமென்ட் மூட்டை இறக்குமுன் அவர்களில் ஒருவரை அழைத்து வீட்டைக் காட்டுங்கள். எத்தனை அறை கட்டினாலும் முற்றத்தின் மேல் வானத்தை மட்டும் விட்டுவையுங்கள்.