சேரன் காசும் செய்த காசும்

மோகனூர்ப் படித்துறையில் நின்று பார்த்தால் காவிரிக்கு அக்கரை வாங்கல். வாங்கலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கரூர். நாங்கள் பரிசலில் அக்கரை போன காலம் உண்டு. இப்போது பாலம் வந்துவிட்டது. கரூரில் அமராவதி மணலைச் சலித்தால் பழங்காசு கிடைக்கும் என்று பெரியவர்கள் சொன்னபோது, அதைப் பாட்டி கதை என்றே நினைத்திருந்தேன். கதை அல்ல. ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் தலை பதித்த காசுகளும், சேரர் பாண்டியர் காசுகளும் அந்த ஆற்றில் அகப்பட்டிருக்கின்றன. நம் கொல்லிமலையின் பெயரைச் சுமந்த ‘கொல்லிப்பொறை’ காசும் கரூர்ச் சரக்குத்தான்.

இவற்றில் அபூர்வமானது ஒன்று உண்டு. சின்ன வெள்ளிக் காசு. ஒரு பக்கம் அரசன் தலை, அதற்கு மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘மாக்கோதை’ என்ற பெயர், மறுபக்கம் வெறுமை. ரோமாபுரிக் காசைப் பார்த்துவிட்டு நம் சேரனுக்கும் ஆசை வந்திருக்க வேண்டும். சென்ற நூற்றாண்டின் கடைசியில் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் சங்க காலக் காசுகளைப் பற்றி எழுதவே, சேகரிப்பவர்களிடையே போட்டி மூண்டது. அப்புறம் போலி பிறக்கத் தாமதமாகுமா?

என் மைத்துனருக்குப் பழங்காசுப் பைத்தியம். ஒரு நாள் வெல்வெட் பெட்டியும் கையுமாக வந்து, “மச்சான், மாக்கோதை கிடைச்சுட்டான்!” என்றார். கொடுத்த விலையை மட்டும் சொல்லவில்லை. எனக்கு உடனே வயிற்றைக் கலக்கிற்று. இருவருமாக எங்கள் தெருப் பத்தரிடம் போனோம். பத்தருக்குச் சேர வம்சமெல்லாம் தெரியாது. கண்ணாடியை வைத்துப் பார்த்தார். விளிம்பை நகத்தால் தடவினார்.

“இது அடிச்ச காசில்லீங்க. வார்த்த காசு.”

அடித்த காசில் சம்மட்டியின் பலத்தில் உலோகம் பிதுங்கி, எழுத்து வெடுக்கென்று நிற்கும். தேய்ந்தாலும் மேடான மூக்கும் கன்னமுந்தான் முதலில் தேயும், பள்ளம் பிழைத்துக்கொள்ளும். இதிலோ மேடும் பள்ளமும் ஒரே மாதிரி, ஈரத்தில் வைத்த வெல்லக் கட்டியைப் போல மழுங்கியிருந்தன. அங்கங்கே ஊசிமுனை அளவு குமிழிக் குழிகள். விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தடம்.

மைத்துனர் லேசில் விடுவாரா? “ஆத்து மணல் அரிச்சிருக்கும்” என்றார். அதிலும் நியாயம் இல்லாமலில்லை. இந்த நாட்டில் பழங்காலத்திலேயே வார்த்த காசுகளும் உண்டு. ஆகவே ஒரே ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. வழக்கை முடித்தது இன்னொரு காசு. அடுத்த மாதம் அதே வியாபாரியிடம் வேறொரு மாக்கோதையைப் பார்த்தார். அதன் மோவாயிலும் அதே இடத்தில், அதே கோணத்தில் ஒரு கீறல்! ஒரே அச்சில் இரண்டு காசு பிறக்கலாம். ஆனால் இரண்டாயிரம் வருஷம் ஆற்றில் உருண்டு இரண்டும் ஒரே காயம் பட முடியுமா?

இது நம்மூர்க்காரர்களின் தனித் திறமை என்று நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியில் பெக்கர் என்று ஒரு மகானுபாவர், 1772-ல் பிறந்து 1830-ல் இறந்தவர், கிரேக்க, ரோமக் காசுகளுக்குத் தம் கையாலேயே அச்சு வெட்டி அடித்தார். வார்த்த குறை அவரிடம் கிடையாது. புதுக் காசுக்கு வயசு ஏற்ற, இரும்புத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் நிறைந்த பெட்டியில் போட்டு, கோச்சு வண்டியில் கட்டிக்கொண்டு சவாரி போவாராம். அந்த ரோமர்களே சளைத்தவர்களா? செம்பு வில்லைக்கு வெள்ளித் தோல் போர்த்திய கள்ளக் காசு அவர்கள் காலத்திலேயே உண்டு.

பணம் போனால் போகட்டும் என்று மைத்துனரைத் தேற்றிவிடலாம். எனக்கு உறுத்துவது வேறு. சங்க காலத்து அரசன் ஒருவன் பெயர் சில சமயம் ஒரே ஒரு காசில்தான் தங்கியிருக்கிறது. அது போலியானால், இல்லாத ராஜா ஒருவர் சரித்திரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார். காசு எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீரும். பூமியில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளைச் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் செய்தார்கள். எடுத்தவன் பயந்து வாயை மூடிக்கொள்கிறான். பிறந்த இடம் தெரியாத நல்ல காசும், பிறந்த இடம் சொல்ல முடியாத கள்ளக் காசும் ஒரே தட்டில் விலைக்கு வருகின்றன.

கடைசியில் மைத்துனர் மனம் நொந்து, “உருக்கினா என்ன தேறும்?” என்று கேட்டார்.

பத்தர் சிரித்தார். “இதை உருக்கி என்னங்க ஆவப் போவுது? எங்கப்பன் காலத்துல, ஆத்துல பொறுக்குன காசுன்னு கொண்டாந்து கொடுப்பாங்க. எல்லாம் நல்ல வெள்ளி. எத்தனை கொலுசு அடிச்சிருக்கோம்!”

மைத்துனர் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.