இங்கிலீஷ் வாத்தியார் தேவை!

1904, அக்டோபர் 8. டப்ளின் துறைமுகம். கப்பலில் ஏறிய கூட்டத்தில் ஓர் இளைஞன், வயது 22. கொஞ்சம் தள்ளி, அவனைத் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண், வயது 20. வழியனுப்ப வந்திருக்கும் அப்பாவுக்கு அவள் விஷயம் தெரியக்கூடாது. புரிந்திருக்குமே... ஓடிப்போகிறார்கள்!

கையில் இருப்பதெல்லாம் ஊரெல்லாம் வாங்கிய கடன். நம்பிக்கை மட்டும் நிறைய. காரணம், ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரத்தில், பெர்லிட்ஸ் மொழிப் பள்ளியில் அவனுக்கு இங்கிலீஷ் வாத்தியார் உத்தியோகம் தயாராகக் காத்திருக்கிறது. அப்படித்தான் ஏஜென்ட் சொல்லியிருந்தார். இங்கிலாந்தில் மார்க்கெட் ரேசன் என்றொரு சின்ன ஊரில் இருந்த ஏஜென்ஸி அது. கட்டணம் 2 கினி.

பையன் ஏமாளி இல்லை. பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் மார்க்கெட் ரேசன் போலீஸுக்கே தந்தி அடித்து விசாரித்தான். 'நம்பலாம்' என்று பதில் வந்தது. ஏஜென்ட் நல்லவர்தான். ஆனால் ஜூரிக்கில் நிஜமாகவே வேலை காலியாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி ஆயிற்றே! துபாய் வேலைக்குப் பணம் கட்டிவிட்டு மும்பையில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களைக் கேளுங்கள், இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைச் சரியாகச் சொல்வார்கள்.

லண்டன், பாரிஸ் (அங்கேயும் ஒரு டாக்டரிடம் கடன்!) வழியாக ஜூரிக் போய்ச் சேர்ந்து, பள்ளிக்குப் போய் நின்றான். 'நீங்க யாரு? வேலையா? அப்படி எதுவும் இங்கே இல்லையே...' என்றார் பள்ளியின் டைரக்டர்.

ஒரு வாரம் ஜூரிக்கில் கழிந்தது. 'ட்ரியெஸ்டில் கேட்டுப் பாருங்கள்' என்று அனுப்பிவைத்தார்கள். ட்ரியெஸ்ட் இன்று இத்தாலியில் இருக்கிறது. அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்தின் பெரிய துறைமுகம். அந்தப் பெண்ணை ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பூங்காவில் உட்காரவைத்துவிட்டு, 'இதோ வந்துடறேன்' என்று ஊருக்குள் போனவன், குடித்துவிட்டுக் கலாட்டா செய்த ஆங்கில மாலுமிகளுக்குப் பரிந்துபேசப் போய், அவர்களோடு சேர்ந்து போலீஸில் மாட்டிக்கொண்டான். பிரிட்டிஷ் தூதரக அதிகாரி வேண்டாவெறுப்பாக வந்து மீட்டார். பாவம், மொழி தெரியாத ஊரில் பூங்கா பெஞ்சில் மணிக்கணக்காகக் காத்திருந்தாள் அவள்.

இத்தனைக்கும் பிறகு ட்ரியெஸ்ட் பள்ளியிலும் வேலை காலி இல்லை!

கடைசியில் அந்தப் பள்ளியை நடத்திய அல்மிதானோ ஆர்ட்டிஃபோனி என்ற மனிதர் இரக்கப்பட்டார். போலா என்ற ஊரில் புதுக் கிளை ஆரம்பிக்கிறேன், வருகிறாயா என்றார். ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படையின் தலைமைத் தளம் அது. மாணவர்களில் பெரும்பாலோர் கடற்படை அதிகாரிகள். வாரம் 16 மணி நேரப் பாடம், 2 பவுன் சம்பளம். ஊர் நம்மாளுக்குத் துளிகூடப் பிடிக்கவில்லை. சைபீரியாவோடு ஒப்பிட்டுக் கடிதம் எழுதினான்.

ஆள் யாரென்று இந்நேரம் சிலர் கண்டுபிடித்திருப்பீர்கள். பின்னாளில் 'யுலிசிஸ்' எழுதிய ஜேம்ஸ் ஜாய்ஸ். அந்தப் பெண் நோரா பார்னக்கிள்.

இலக்கியக் கதைக்காக இதைச் சொல்லவில்லை. வெளிநாட்டுக்குப் போய்த் தனியார் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் என்னென்ன விபத்துகள் நடக்குமோ, அத்தனையும் அது ஆரம்பித்த காலத்திலேயே இந்த ஒரு ஜோடிக்கு நடந்து முடிந்துவிட்டது. அடுத்த நூறு வருடத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் அதே குழியில்தான் விழுந்தார்கள். குழியின் அளவுதான் மாறியது.

இந்தப் பெர்லிட்ஸ் பள்ளி எங்கிருந்து வந்தது?

மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 1878-ல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்தில் மொழிப் பள்ளி ஆரம்பித்தார். உதவிக்கு ஒரு பிரெஞ்சுக்காரரை வேலைக்கு எடுத்தார். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த ஆளுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூட வராது! பெர்லிட்ஸுக்கோ உடம்பு சரியில்லை. வேறு வழி இல்லாமல் வகுப்பை அவரிடம் விட்டுவிட்டுப் படுத்துவிட்டார். ஆறு வாரம் கழித்துப் பயந்துகொண்டே எட்டிப் பார்த்தால், மாணவர்கள் பிரெஞ்சில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்களாம். கம்பெனி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற கதை இது. கொஞ்சம் உப்பு, மிளகாய் சேர்ந்திருக்கலாம்.

ஆனால், அதிலிருந்து கிளம்பிய முறை நிஜம். வகுப்பில் மாணவனின் தாய்மொழிக்கு இடமே கிடையாது. பென்சிலைக் காட்டி 'பென்சில்' என்று சொல்ல வேண்டியதுதான்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்த முறை வந்ததும் பள்ளி முதலாளிக்கு ஒரு பெரிய சௌகரியம் கிடைத்துவிட்டது. இலக்கணம் படித்த, அனுபவமுள்ள, இரண்டு மொழியும் தெரிந்த ஆசிரியரைத் தேடி அலைய வேண்டாம். பிறவியிலேயே இங்கிலீஷ் பேசுகிற ஒரு வாய் போதும். அந்த வாய் டப்ளினிலிருந்து கடனோடு ஓடிவந்த பையனுடையதாக இருந்தாலும் சரி. சுலபமாகக் கிடைக்கிற வாயை சுலபமாக மாற்றவும் முடியும். இந்த வாத்தியாரின் சம்பளம், மரியாதை, வேலை நிச்சயம் எல்லாமே அன்றைக்குத் தீர்மானமாகிவிட்டன.

(நம் பக்கத்திலிருந்து ஒரு சின்ன வயிற்றெரிச்சல். அந்த 'வாய்' யாருடையது என்பதை இன்றுவரை பாஸ்போர்ட்தான் முடிவு செய்கிறது. தென் கொரியாவின் தனியார் டியூஷன் பள்ளிகளில் இங்கிலீஷ் சொல்லித்தர விசா கொடுப்பது ஏழே நாட்டுக்காரர்களுக்கு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா. நீங்கள் கான்வென்டில் படித்து ஷேக்ஸ்பியரைத் தலைகீழாகச் சொன்னாலும் அந்த வரிசையில் இடமில்லை.)

சரி, ஜப்பானுக்குப் போவோம். குழி மிகப் பெரிதாக வெட்டப்பட்டது அங்கேதான்.

1981-ல் ஒஸாகாவில் நோஸோமு ஸாஹாஷி என்பவர் 'நோவா' என்ற இங்கிலீஷ் பேச்சுப் பள்ளியை ஆரம்பித்தார். ரயில் நிலைய வாசலிலேயே வெளிநாட்டுப் படிப்பு என்பதுதான் விளம்பர வாசகத்தின் சாரம். ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போகிறவர் ரயிலிலிருந்து இறங்குகிற இடத்தில் ஒரு நோவா இருக்கும். டி.வி. விளம்பரத்தில் இளஞ்சிவப்பு முயல் ஒன்று துள்ளும். 1998-ல் ஜப்பானிய அரசு, தொழில் பயிற்சிக்குப் போகும் ஊழியர்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் வரை (ஓர் உச்சவரம்புக்குள்) திருப்பித் தரும் திட்டம் கொண்டுவந்தது. இங்கிலீஷ் வகுப்பும் அதில் சேர்த்தி. அப்புறம் கேட்க வேண்டுமா? உச்சத்தில் சுமார் 900 கிளைகள், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், பல ஆயிரம் வெளிநாட்டு ஆசிரியர்கள்.

அந்த ஆசிரியர்கள் யார்? லண்டனிலும் டொரொண்டோவிலும் சிட்னியிலும் ஏதோ ஒரு பட்டம் வாங்கிவிட்டு, 'ஒரு வருஷம் ஜப்பான் பார்த்துட்டு வரலாமே' என்று கிளம்பியவர்கள். மாதம் சுமார் இரண்டரை லட்சம் யென் சம்பளம். விசாவுக்கு நோவா பொறுப்பு. தங்க அபார்ட்மென்ட்டும் நோவாவே பிடித்துக் கொடுக்கும். வாடகையை சம்பளத்திலேயே கழித்துக்கொள்ளும். மொழி தெரியாத ஊரில் இதைவிட வேறென்ன வேண்டும்? எனக்கும் 22 வயதில் இப்படி ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் என்றிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன்.

எல்லாம் ஒரே ஆணியில் மாட்டியிருந்தது என்பதுதான் சிக்கல். வேலை, வீடு, விசா, மூன்றும். ஆணி ஆடினால்?

ஆடியது. நோவாவில் மாணவர் மாதக் கட்டணம் கட்டுவதில்லை. மூன்று வருடத்துக்கான வகுப்புகளைப் புள்ளிகளாக மொத்தமாக வாங்கிவிடுவார். நிறைய வாங்கினால் விலை குறைவு. 600 புள்ளி வாங்கினால் ஒன்று 1,200 யென். நடுவில் 'போதும், நிறுத்திக்கொள்கிறேன், மீதியைக் கொடு' என்றால், அதுவரை படித்த பாடத்துக்கு வேறு கணக்கு. குறைவாக வாங்குகிறவர்களுக்கான 1,750 யென் விலை! திரும்பி வரும் தொகை தேய்ந்துபோகும். ஒருவர் விடாமல் வழக்காடினார். 2007 ஏப்ரலில் ஜப்பான் உச்ச நீதிமன்றம், இந்தக் கணக்கு செல்லாது என்று தீர்ப்பு சொன்னது. ஜூனில் அரசு இன்னொரு அடி போட்டது. நீண்டகாலப் புது ஒப்பந்தங்களை ஆறு மாதம் விற்கக்கூடாது!

மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன தண்டனை. ஆனால் முன்பணமாக வருகிற காசில் புதுக் கிளை திறந்து, விளம்பரம் கொடுத்து, பழைய மாணவர்களின் பாடத்தையும் நடத்திக்கொண்டிருந்த கம்பெனிக்கு அது மூச்சுக்குழாயில் கைவைத்த மாதிரி. அரசு உதவித் தொகையையும் 2003-லேயே பாதியாக வெட்டியிருந்தார்கள். இப்போது புதுப் பணம் வரவில்லை, பழைய மாணவர்களோ பணத்தைத் திருப்பிக் கேட்டு வரிசையில்.

ஜூலையில் ஜப்பானிய அலுவலக ஊழியர்களுக்குச் சம்பளம் தாமதமானது. செப்டம்பரில் ஆசிரியர்களுக்கும் தாமதம். அக்டோபர் சம்பளம் வரவேயில்லை. முன்மேசையில் சிரித்துக்கொண்டே 'குட் மார்னிங்' சொன்ன பெண்ணுக்கு, வெளிநாட்டு ஆசிரியருக்குத் தெரிவதற்கு இரண்டு மாதம் முன்பே விஷயம் தெரியும். யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு ஜப்பானிய மொழி பலருக்கும் தெரியாது.

அடுத்து வந்ததுதான் கொடுமை. சம்பளத்தில் வாடகையைப் பிடித்துக்கொண்ட கம்பெனி, பல வீட்டுக்காரர்களுக்கு அதைக் கட்டாமல் விட்டிருந்தது. கதவைத் தட்டி, காலி பண்ணு என்றார்கள். 'நான் கட்டிட்டேனே!' என்று சம்பளச் சீட்டைக் காட்டினால் வீட்டுக்காரர் என்ன செய்வார்?

2007, அக்டோபர் 26. நிர்வாகக் குழு ஸாஹாஷியைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டு, நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டு மனுப் போட்டது. கடன் சுமார் 4,390 கோடி யென். சில நாள் கழித்து, ஒஸாகாவிலிருந்த அவருடைய அலுவலக அறையைப் பத்திரிகைக்காரர்களுக்குத் திறந்து காட்டினார்கள். உள்ளே சௌனா குளியல், படுக்கையறை, தேநீர் அறை எல்லாம். அதே வாரத்தில் ஆசிரியர் சங்கம், சாப்பாடு போடுகிறவர்களுக்கு இங்கிலீஷ் பாடம் என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. ஆம், பசி. குவாண்டாஸ் விமான நிறுவனம் ஆஸ்திரேலிய ஆசிரியர்கள் ஊர் திரும்பச் சலுகைக் கட்டணம் அறிவித்தது.

ஊழியர் நல நிதியைத் திருப்பிவிட்ட குற்றத்துக்காக ஸாஹாஷிக்கு 2009-ல் மூன்றரை வருட சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது இரண்டாகக் குறைந்தது. நோவா என்ற பெயரும் முயலும் வேறு முதலாளிகளின் கையில் பிறகும் தொடர்ந்தன. 2010-ல் ஜியோஸ் என்ற இன்னொரு பெரிய பள்ளியும் திவாலானது.

இப்போது உங்கள் வீட்டிலோ, வெளிநாட்டில் குடியேறிய அக்கா வீட்டிலோ ஒரு பிள்ளை 'ஏஷியாவுக்குப் போய் ஒரு வருஷம் இங்கிலீஷ் டீச் பண்ணப்போறேன்' என்று நிற்கிறது. என்ன கேட்பீர்கள்? சம்பளம் எவ்வளவு என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறோம். நோவா சம்பளம் நல்ல சம்பளம்தான் சார்!

மாணவர்கள் மாதாமாதம் கட்டுகிறார்களா, மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பிள்ளையின் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? வேலை போனால் விசாவும் அன்றே போகுமா, வேறு பள்ளிக்கு மாற அவகாசம் உண்டா? ஒவ்வொரு நாட்டுக்கும் இது வேறு. கூடவே, அங்கே இப்போது வேலை பார்க்கும் ஒருவரோடு பேசணும். அவர் பேரைப் பள்ளி கொடுத்தால் போதாது. நாமே தேடிப் பிடித்த ஆளாக இருந்தால் உத்தமம். முடிந்தால் அலுவலக ஊழியர் ஒருவரோடும்.

இத்தனை கேட்டும் தப்பாத சந்தர்ப்பம் உண்டு, மறைப்பானேன். 2021 ஜூலையில் சீன அரசு, பள்ளிப் பாட டியூஷன் கம்பெனிகள் லாபத்துக்கு நடக்கக்கூடாது, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்து ஆன்லைனில் பாடம் நடத்தக்கூடாது என்று ஒரே உத்தரவில் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பெய்ஜிங் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தவர்களின் பிழைப்பு கொஞ்ச நாளிலேயே போனது. அதை எந்த ஒப்பந்தத்தைப் படித்தும் முன்கூட்டிக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஜாய்ஸ் என்ன ஆனார்?

போலாவில் ஐந்து மாதம்கூட நிற்கவில்லை. 1905 மார்ச்சில் ட்ரியெஸ்ட் கிளைக்கு வந்தார். மகன் பிறந்தான். சம்பளம் போதாமல் தம்பி ஸ்டானிஸ்லாஸையும் டப்ளினிலிருந்து வரவழைத்து அதே பள்ளியில் சேர்த்துவிட்டார். 1907-ல் பெர்லிட்ஸை உதறிவிட்டு, வீடு வீடாகப் போய்த் தனிப்பாடம் எடுக்க ஆரம்பித்தார். அப்படிக் கிடைத்த மாணவர்களில் ஒருவர், கப்பல் பெயின்ட் கம்பெனி நடத்திய எட்டோரே ஷ்மிட்ஸ். லண்டனில் ஒரு தொழிற்சாலை இருந்ததால் இங்கிலீஷ் தேவைப்பட்டது. ஒருநாள் தயங்கித் தயங்கி, தான் எழுதி யாருமே கண்டுகொள்ளாத இரண்டு பழைய நாவல்களை வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் படித்துவிட்டு அசந்துபோனார். இத்தாலோ ஸ்வேவோ என்ற புனைபெயரில் அந்த மாணவர் 1923-ல் வெளியிட்ட 'ஜீனோவின் மனசாட்சி' உலகப் புகழ் பெற்றதில், ஜாய்ஸுக்கும் பெரிய பங்கு உண்டு.

வேலை இல்லாத நேரத்தில் வேலை கொடுத்த ஆர்ட்டிஃபோனியையும் அவர் மறக்கவில்லை. 'யுலிசிஸ்' நாவலில், முக்கியக் கதாபாத்திரமான ஸ்டீபனுக்கு அக்கறையாக புத்தி சொல்கிற சங்கீத வாத்தியாரின் பெயர், அல்மிதானோ ஆர்ட்டிஃபோனி.

போலா இன்று குரோஷியாவில் இருக்கிறது, பூலா என்ற பெயரில். பெர்லிட்ஸ் பள்ளி இருந்த கட்டடத்தில் இப்போது ஒரு காபி கடை. பெயர், 'யுலிசிஸ்'. வாசல் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் வெண்கல ஜாய்ஸ், பிடிக்காத அந்த ஊரையே பார்த்துக்கொண்டு.