அன்றாடக் கமெரா வந்த வழி



வீட்டுப் பாவனைக்கு எந்தக் கமெராவை வாங்கலாம் என்று பெற்றோரும் இளைய ஆசிரியரும் என்னை வினவுவதுண்டு. நான் கமெரா விற்பவனல்லேன், வரலாறு படிப்பிப்பவன். ஆயினும், இவ்வினாவுக்குக் கடைக்காரர் தரும் விடையைக் காட்டிலும் வரலாறு தரும் விடை தெளிவானது என்பது என் துணிபு. கடைக்காரர் ஓர் எண்ணைச் சொல்லுவார். எண் பெரிதாயின் கமெராவும் சிறந்தது என்பார். சாதாரண மக்களின் கைக்குக் கமெரா வந்து சேர்ந்த வழியை நோக்கினாலோ, நேர்த்தி மிக்க கருவியன்றித் தொல்லை குறைந்த கருவியே பெரும்பாலும் வென்றது என்பது புலனாகும்.

1839ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்தவரான டகேரின் முறை உலகறிய வெளியிடப்பட்டபோது, வெள்ளி பூசிய செப்புத் தகடே படமாயிற்று. ஒரு தகடு, ஒரு படம், பிரதிக்கு இடமில்லை. 1851இல் இங்கிலாந்தின் பிரெடரிக் ஸ்கொற் ஆச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையில் ஒரு கண்ணாடித் தகட்டிலிருந்து தெளிவான பிரதிகள் பல எடுக்கலாயிற்று. எனினும் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து, உலருமுன் இருட்டறையிற் கழுவியும் முடித்தல் வேண்டும். வெளியூர் செல்லும் படப்பிடிப்பாளர் இருட்டறையையும் கூடாரமாகச் சுமந்து சென்றார்.

இம்முறையிற் பெரும்புகழ் ஈட்டிய யூலியா மாகிறற் கமரன் அம்மையாரை இலங்கையர் நாம் மறத்தற்கில்லை. 48ஆம் வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கமெராவுடன் இத்துறையிற் புகுந்த அவர், 1875இல் கணவருடன் இந்நாட்டில் வந்து குடியேறினார். இங்குள்ள உழைக்கும் மக்களைப் படமெடுத்தார். 1879இல் இங்கேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் எடுத்தனவாக எஞ்சியுள்ள படங்கள் மிகச் சிலவே. அவற்றில் உள்ளோருட் பலருடைய பெயர் பதிவாகவில்லை. முகம் இருக்கிறது, இன்னார் என்பது இல்லை. கமெரா பிறர் கையில் மட்டும் இருந்த காலத்தின் அடையாளம் அது. அம்மக்கள் தம்மைத் தாமே படமெடுத்திருப்பின், பெயரையும் பின்புறத்தில் எழுதி வைத்திருப்பார்கள் அன்றோ?

அக்கருவியைப் பொதுமக்களின் கையில் வைத்தவர், ஐக்கிய அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரில் வங்கி எழுதுவினைஞராயிருந்த ஜோர்ஜ் ஈஸ்ற்மன் ஆவார். 1888இல் அவர் விற்பனைக்கு விட்ட கொடக் கமெரா 25 டொலர் விலையுள்ளது. நூறு படங்களுக்குரிய சுருள் உள்ளேயே இருந்தது. நூலை இழுத்தல், பொத்தானை அமுக்குதல், சாவியைத் திருகுதல்: இம்மூன்றே பாவிப்பவர் செய்யவேண்டியவை. பார்த்துக் குறிவைக்கும் கண்ணாடிகூட அதிலில்லை. படமோ இரண்டரை அங்குல வட்டம். நூறும் முடிந்தபின் கமெராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிப் பத்து டொலரும் செலுத்தினால், படங்களும் புதுச்சுருளிட்ட கமெராவும் திரும்பி வரும்.

இதில் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. கண்ணாடித் தகட்டோடு ஒப்பிட்டால் அப்படம் நேர்த்தி குன்றியதே. தொழில்முறைப் படப்பிடிப்பாளர் அதனை விளையாட்டுப் பொருள் என்று கருதினால் வியப்பில்லை. ஆயினும் இருட்டறையின் தொல்லையை ஈஸ்ற்மன் வாங்கிக்கொண்டார். தொல்லையோடு சேர்த்து மக்களின் படங்களும் அவருடைய தொழிற்சாலைக்கூடாகவே செல்லவேண்டியனவாயின. வசதியும் தங்கியிருத்தலும் அன்று ஒரே பெட்டியில் வந்தன. 1900இல் வந்த பிரவுணி என்னும் அட்டைப்பெட்டிக் கமெராவின் விலை ஒரு டொலர். ஆறு படச் சுருள் 15 சதம். சிறுவரை நோக்கியே அது விற்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளையும் தன் தாயைப் படமெடுக்கும் காலம் அதனோடு பிறந்தது.

ஜேர்மனியின் ஒஸ்கார் பார்ணக் அமைத்து 1925இல் சந்தைக்கு வந்த லெயிக்கா, சினிமாச் சுருளைக் கையடக்கக் கமெராவிற் புகுத்தியது. அது விலையுயர்ந்தது, செய்தியாளருக்கும் செல்வருக்கும் உரியதாயிருந்தது. ஆனால் அது நிலைபெறச் செய்த 36 மில்லிமீற்றருக்கு 24 மில்லிமீற்றர் என்னும் அளவு இன்றும் அளவுகோலாக நிற்கின்றது.

இனி டிஜிற்றல் முறைக்கு வருவோம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பொயில், சிமித் என்னும் இருவர் ஒளியை மின்னேற்றமாகச் சேர்க்கும் சில்லொன்றின் கருத்தை வகுத்தனர். 2009இல் அதற்காக நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். 1975இல் கொடக் கம்பனியின் இளம் பொறியியலாளர் ஸ்ரீவன் சசன் அத்தகைய சில்லொன்றைக் கொண்டு ஒரு கருவியைப் பொருத்தினார். நிறை ஏறத்தாழ எட்டு இறாத்தல். படத்தில் நூறுக்கு நூறாகப் பதினாயிரம் புள்ளிகள், கறுப்பு வெள்ளை. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிக்க 23 விநாடி சென்றது. நாடாவில் முப்பது படங்களுக்கு இடம் என்று அவர் வரையறுத்தார். பிலிம் சுருளில் 24 அல்லது 36 படங்கள் இருந்தமையால், இடைப்பட்ட எண்ணொன்றைத் தெரிந்தாராம். பழைய பழக்கம் புதிய கருவிக்குள்ளும் எவ்வாறு குடிபுகுகின்றது, பாருங்கள்! பிலிம் விற்றுச் செழித்த அக்கம்பனி இவ்வழியில் முழுமனத்துடன் நடக்கவில்லை. 2012 ஜனவரியில் அது வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது.

வீட்டுப் பாவனைக்கு டிஜிற்றல் கமெரா வந்தபோதும் பழைய கதையே நிகழ்ந்தது. 1994இல் அப்பிள் கம்பனி வெளியிட்ட குவிக்ரேக் கமெராவின் படத்தில் 640க்கு 480 புள்ளிகள் இருந்தன. 1995இல் யப்பானின் கசியோ வெளியிட்ட கியூவி-10 தந்த படத்தில் அதன் காற்பங்குப் புள்ளிகளே உண்டு. ஆனால் கசியோவின் முதுகில் சிறு திரையொன்று இருந்தது. எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பார்க்கலாம், வேண்டாததை அழிக்கலாம். குவிக்ரேக் 1997இல் நின்றுபோயிற்று. முதுகிற் திரையில்லாத கமெராவை இன்று கடையிற் காண்பது அரிது.

அதன்பின் எழுந்ததே புள்ளியெண் போட்டி. மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளிகள். ஆறு அங்குலத்துக்கு நான்கு அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளியாக அச்சிட, 1800ஐ 1200ஆற் பெருக்குங்கள். இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்றே அதிகம். ஏ4 தாள் அளவுக்கு ஒன்பது போதும். எட்டாம் வகுப்பு மாணவன் செய்யும் கணக்கு இது. அதற்குமேல் வாங்கும் எண், படத்தின் ஒரு மூலையை வெட்டிப் பெருப்பிக்க உதவுமேயன்றி, மங்கிய ஒளியில் மண்டபத்தில் எடுக்கும் படத்தைத் துலக்காது. அங்கே வேண்டுவது ஒளியுணரியின் பரப்பு. லெயிக்காவின் அளவு 864 சதுர மில்லிமீற்றர்; சட்டைப்பைக் கமெராக்கள் பலவற்றில் இருந்த ஒளியுணரியோ ஏறத்தாழ 28. முப்பதில் ஒரு பங்கு! விளம்பரங்கள் பெரிய எழுத்தில் அச்சிடாத எண் இதுவே.

2000ஆம் ஆண்டு யப்பானிலும் கொரியாவிலும் கமெரா பொருத்திய கைத்தொலைபேசிகள் வந்தபோது அவற்றின் படம் பார்க்கத்தக்கதாயில்லை. ஆயினும் அவை எப்பொழுதும் பையில் இருந்தன. 2010இல் யப்பானியக் கமெராக் கம்பனிகள் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிற்றல் கமெராக்களை அனுப்பின. 2020இல் அத்தொகை ஒரு கோடியையும் எட்டவில்லை. பிரவுணி செய்ததையே தொலைபேசியும் செய்தது.

ஆகவே, குழந்தையும் விருந்தும் கோயிற் திருவிழாவுமே உங்கள் தேவையாயின், கையிலுள்ள தொலைபேசி போதும். அப்பணத்தை வேறு காரியத்துக்கு வையுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் மைதானத்தின் மறுகோடியில் ஓடும் பிள்ளையைப் பிடிக்க வேண்டுமா? வில்லையே நகர்ந்து தூரத்தை அண்மிக்கும் கமெராவைக் கேளுங்கள். புள்ளிகளைப் பெருப்பித்துக் காட்டும் வித்தையைக் கேளாதீர்கள். நம் நாட்டு நண்பகல் வெயிலிற் திரை தெரியாது; கண்ணை ஒற்றிப் பார்க்கும் துவாரமுள்ளது நன்று. பரிசளிப்பு மண்டபமாயின் பெரிய ஒளியுணரி வேண்டும். எதை வாங்கினும், ஈரலிப்பான ஊர்களில் வில்லையிற் பூஞ்சணம் பிடிக்கும். தோலுறையில் மூடி அலுமாரியில் வைத்துவிடாது, ஈரமுறிஞ்சும் மணிகளோடு இறுகிய பெட்டியில் வையுங்கள்.

படங்களை எங்கே வைப்பது என்பதையும் வாங்குமுன்னரே தீர்மானியுங்கள். ஈஸ்ற்மனின் தொழிற்சாலையிலிருந்து படங்களேனும் தாளாகத் திரும்பி வந்தன. இன்று தொலைபேசி உடைந்தாலோ, கணக்கின் கடவுச்சொல் மறந்தாலோ, ஐந்தாண்டு வாழ்க்கை ஒருங்கே போய்விடும். வேறொரு கருவியில் ஒரு பிரதியும், வேறொரு வீட்டில் ஒரு பிரதியும் வையுங்கள். ஆண்டுக்கு இருபது படங்களையேனும் தாளில் அச்சிடுவித்து, பின்புறத்தில் பென்சிலால் ஆண்டையும் ஊரையும் எழுதுங்கள். படத்தில் உள்ளோரின் பெயர்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எழுதுங்கள்.